சிம்மக்கல் சந்தில் ஒரு பைண்டிங் கடையும் தாடியஸ் ஸ்டீவன்ஸும்

இணையத்தில் ஸ்கேன் படமாக மட்டும் கிடைக்கிற பழைய புத்தகங்களை அச்செடுத்து, கையில் பிடித்துப் படிக்கிற மாதிரி கட்டித் தர மதுரையில் ஆள் உண்டா என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். உண்டு. சிம்மக்கல்லிலிருந்து வடக்கு மாசி வீதிப் பக்கம் போகிற சந்துகளில் ஒன்றில், பெயர்ப் பலகையே இல்லாத ஒரு கடை. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் "பைண்டிங் அண்ணன் கடை" என்பார்கள். அங்கே நான் இரண்டு தொகுதிகள் கட்டி வாங்கினேன். இரண்டுமே ஒரே மனிதரைப் பற்றியவை. தாடியஸ் ஸ்டீவன்ஸ், 1792இல் பிறந்து 1868இல் இறந்த அமெரிக்க வக்கீல், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினர். கடையைப் பற்றிச் சொல்லும்போது அவரைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிப்பட்ட புத்தகத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டேன் என்று தெரியாமல் தையலையும் தாளையும் மட்டும் பேசிப் பயனில்லை.

நான் ஒத்தக்கடையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளையில் ரிட் வழக்குகள் நடத்துகிறேன். சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். எங்கள் வட்டாரத்தில் ஒரு கிராமத்து மக்களுக்காக மயானப் பாதை வழக்கு ஒன்று எடுத்திருந்தேன். ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு. காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டு நடவு முடிந்துவிட்டால், பிணத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வயலுக்குள் இறங்க வேண்டும். நட்ட பயிரை மிதித்தால் சண்டை. அந்த வழக்குக்காக அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவு பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். "சட்டங்களின் சமமான பாதுகாப்பு" என்று அதில் வரும் பகுதி அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. சட்டக் கல்லூரியில் முதல் வருடமே படித்துவிடுகிற செய்தி இது. அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று தேடியபோது ஸ்டீவன்ஸ் வந்தார். அவரோடு அவருடைய கல்லறையும் வந்தது.

பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரத்தில், ஒரு சின்ன இடுகாட்டில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். கல்லில் பொறித்திருக்கும் வாசகம் அவரே எழுதியது. அதன் சாரம் இது: "தனிமை பிடித்துப் போய் இந்த அமைதியான, ஒதுங்கிய இடத்தில் நான் படுத்திருக்கவில்லை. மற்ற இடுகாடுகள் தங்கள் விதிகளிலேயே இனம் பார்த்து ஆட்களை ஒதுக்குகின்றன. படைத்தவன் முன்னால் மனிதர் எல்லாரும் சமம் என்று நெடிய வாழ்நாள் முழுவதும் வாதாடிய கொள்கையை என் சாவிலும் காட்டவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்." நாடாளுமன்றத்தையே ஆட்டிவைத்த ஒருவர், ஊரின் பெரிய இடுகாடுகளை வேண்டாம் என்று விட்டுவிட்டு, கறுப்பர்களையும் சேர்த்துப் புதைக்கிற இடத்தைத் தேடிப் போய்ப் படுத்திருக்கிறார். மயானப் பாதை வழக்கின் கட்டு மேசையில் கிடக்க, இதைப் படித்தவளுக்கு அவரை முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டீவன்ஸைப் பற்றித் தமிழில் எனக்கு எதுவும் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் வந்த புதிய நூல்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை கட்டுப்படியாகாது. ஆனால் 1899இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு ஒன்று காப்புரிமை முடிந்து ஸ்கேனாக இலவசமாகக் கிடைக்கிறது, முந்நூறு பக்கத்துக்கு மேல். அவருடைய நாடாளுமன்றப் பேச்சுகளும் சபைக் குறிப்புகளில் அப்படியே இருக்கின்றன. நாள் முழுவதும் வழக்குத் தாள்களைப் பார்த்த கண்ணோடு இரவில் போன் திரையில் அதையெல்லாம் படிக்க முடியாது. அதோடு எனக்கு ஓரத்தில் பென்சிலால் எழுதிப் படித்தால்தான் மனதில் நிற்கும். அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். ஒரு பக்கம் பழைய இரும்பு பிரஸ், இன்னொரு பக்கம் கட்டிங் மெஷின், நடுவில் தரையோடு தரையாகப் பலகை. அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைக்கிறார். கம்ப்யூட்டர் வேலையைப் பார்ப்பது அவருடைய மகள். முதலில் அவரிடம்தான் கோப்பைக் கொடுக்க வேண்டும். நம்முடைய சொந்தத் தாள்கள், தீர்ப்புகள், காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் ஆகியவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நான் நின்றிருந்தபோதே கல்லூரிப் பையன் ஒருவன் கடையில் விற்கும் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து நகல் கேட்டான். "எழுதுனவரு சாப்புடணும்ல தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார் அண்ணன்.

நான் ஸ்பைரல் போதும் என்றுதான் கேட்டேன். அவர் நாலைந்து பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வக்கீலம்மா, இது கேஸ் கட்டா, படிக்கிற புத்தகமா?" என்றார். படிக்கிற புத்தகம் என்றேன். "அப்படின்னா ஸ்பைரல் வேணாம்மா. ஆறு மாசத்துல ஓட்டை கிழிஞ்சு தாள் கையோட வரும். நூல் தையல் போட்டுத் தாரேன். உங்க பிள்ளை காலத்துக்கும் நிக்கும்" என்றார். விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் பேச்சில் விற்பனை வாடை துளியும் இல்லை. தொழில் தெரிந்தவர் சொல்வது போல இருந்தது, ஒத்துக்கொண்டேன்.

நூல் தையல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏ4 தாளில் பக்கத்துக்கு இரண்டாக அச்செடுத்து, நான்கு தாளைச் சேர்த்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் கிடைக்கும். பாரங்களை அடுக்கி, முதுகுப் பக்கம் ரம்பத்தால் லேசாகக் கீறி, மெழுகு தடவிய நூலால் ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பின் நடுவே குத்தி அடுத்த பாரத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலக்கிறார். ஓர் இரவு பிரஸ்ஸில் இறுக்கி வைத்து, மறுநாள் மூன்று பக்கமும் வெட்டி, அட்டையும் காலிகோ துணியும் ஒட்டுகிறார். வெறும் பசையில் முதுகை ஒட்டுகிற புத்தகம் மேசையில் திறந்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். இது அப்படிச் செய்வதில்லை. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு கையில் காபியும் ஒரு கையில் பென்சிலுமாகப் படிக்க முடிகிறது.

தாள் எழுபது ஜிஎஸ்எம் மேப்லித்தோ, சற்றே மஞ்சள் ஓடியது. பளிச்சென்ற வெள்ளைத் தாளும் இருக்கிறது. அதை எடுக்காதீர்கள், பழைய எழுத்துருவுக்குக் கண்ணைக் கூசும். ஸ்கேன் பக்கங்களில் நான்கு ஓரமும் கரி பூசின மாதிரி கருப்பாக இருக்கும் அல்லவா, அதையெல்லாம் அந்தப் பெண் பக்கம் பக்கமாக நீக்கியிருந்தார். ஸ்கேனில் இரண்டு பக்கங்கள் இரட்டித்து வந்திருந்ததையும் அவரே கண்டுபிடித்துப் போனில் கேட்டார்: "அக்கா, ஒரே பக்கம் ரெண்டு தடவை வருது, எடுத்துறவா?" கொடுத்ததை அப்படியே அச்சில் ஓட்டிக் காசு வாங்குகிற கடைகள்தான் ஊரில் அதிகம். இந்த ஒரு போனுக்காகவே இந்தக் கடையைச் சிபாரிசு செய்வேன்.

இனி புத்தகத்துக்குள் இருக்கிற ஆள்.

ஸ்டீவன்ஸ் பிறந்தது வெர்மான்ட் மாநிலத்து டேன்வில் என்ற சிற்றூரில், 1792 ஏப்ரல் 4 அன்று. ஒரு பாதம் வளைந்து பிறந்த குழந்தை. அப்பா செருப்புத் தைப்பவர், கொஞ்சம் விவசாயமும் உண்டு. பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு பையன்களையும் ஆளாக்கியது அம்மா சாராதான். காலில் குறையுள்ள மகன் நிலத்தில் பாடுபட முடியாது, படித்தாவது பிழைக்கட்டும் என்று பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்கே குடிபெயர்ந்தார். டார்ட்மவுத் கல்லூரியில் 1814இல் பட்டம். பிறகு பென்சில்வேனியாவின் யார்க் நகரத்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டு சட்டம் படிப்பவரைச் சேர்ப்பதில்லை என்று அந்த ஊர் வக்கீல்கள் விதி வைத்திருந்ததால், பக்கத்து மேரிலாந்து மாநிலத்துக்குப் போய்த் தேர்வு எழுதி வக்கீலானார். 1816இல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் போட்டார். முதல் தலைமுறை வக்கீலாக, சீனியர் இல்லாமல், பின்புலம் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இந்த ஐந்தாறு பக்கம் போதும், அவர் நம்ம ஆள் ஆகிவிடுவார்.

ஆனால் அடுத்து வருவது கசப்பு. 1821இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. சேரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண், தானும் தன் பிள்ளைகளும் விடுதலை பெற்றவர்கள் என்று கேட்டார். பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநில எஜமானர் ஓர் அடிமையை அங்கே ஆறு மாதம் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை. இந்தப் பெண்ணை அவ்வப்போது அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோயிருந்தார்கள். எல்லா நாட்களையும் கூட்டினால் ஆறு மாதம் வரும் என்பது அவர் தரப்பு. தொடர்ச்சியாக ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்பது எஜமானர் தரப்பு. எஜமானருக்காக வாதாடி ஜெயித்தவர் ஸ்டீவன்ஸ். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் அடிமைத்தனத்துக்கே திரும்பினார்கள்.

காலக்கெடுவை நாள் கணக்குப் போட்டு எதிர்த்தரப்பை வெளியே தள்ளுகிற வாதம் நாங்கள் தினமும் நீதிமன்றத்தில் கேட்பதுதான். லிமிட்டேஷன் பாயின்ட்டில் ஜெயித்துவிட்டு வராண்டாவில் சிரித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்காத வக்கீல் கிடையாது. அப்படி ஒரு வாதத்தின் மறுமுனையில் ஒரு தாயும் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு ஸ்டீவன்ஸைப் புகழ்கிறவர்களை நான் நம்ப மாட்டேன். அந்த வழக்கு அவர் மனதில் என்ன செய்தது என்பதற்கு அவர் கைப்பட எழுதிய எதுவும் என் தொகுதிகளில் இல்லை. செயல்தான் இருக்கிறது. 1823 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின விழாவில் அவர் எழுந்து, அடுத்த குடியரசுத் தலைவராக வருகிறவர் எந்த மனித அடிமைக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று கிண்ணத்தை உயர்த்தினார். அதற்குப் பிறகு தப்பி வந்த அடிமைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடுகிற வக்கீல் என்று அவர் பெயர் பரவியது.

இலவசப் பள்ளிக்கூடங்கள் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். நான் அரசுப் பள்ளியில் படித்து, மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டு வந்தவள். அதனால் இந்தப் பக்கங்களில் என் பென்சில் கோடுகள் அதிகம். பென்சில்வேனியாவில் 1834இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிப்பணத்தில் பள்ளி என்று சட்டம் வந்தது. வரி கட்டுகிறவர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே சட்டத்தை ரத்துசெய்ய மாநில மேலவை ஓட்டுப் போட்டுவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம், அதுவும் அவர்கள் பெயரை ஏழைகள் பட்டியலில் சேர்த்த பிறகு, என்ற பழைய ஏற்பாட்டுக்கே போகலாம் என்றார்கள். அப்போது மாநிலக் கீழவையில் உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ் 1835 ஏப்ரலில் அங்கே எழுந்தார். அவருடைய தொகுதி மக்களே ரத்து வேண்டும் என்று மனு கொடுத்திருந்தார்கள். ஏழை என்று முத்திரை குத்தி ஒதுக்கிக் கொடுக்கிற கல்வி கல்வியே ஆகாது என்பது அவர் வாதத்தின் உயிர். தன் வயலுக்குத் திருடன் வரவேயில்லை என்றாலும் சிறைச்சாலைக்கு வரி கட்டுகிறவன், பிள்ளைகள் குற்றவாளி ஆகாமல் தடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு வரி கட்ட மாட்டேன் என்பதா என்று கேட்டார். சபை திரும்பியது. சட்டம் பிழைத்தது. தன் வாழ்நாளில் செய்ததிலேயே இதைத்தான் பெருமையாக நினைத்தார்.

மறுபடி கடைக்கு வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சரியாக இந்தப் பேச்சில்தான் கடை கோட்டை விட்டது. பேச்சுகள் அடங்கிய இரண்டாம் தொகுதியில் உள்பக்க ஓரம் மிகக் குறைவாக விட்டிருந்தார்கள். தைத்து முதுகை இறுக்கியபோது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒன்றிரண்டு சொற்கள் மடிப்புக்குள் போய்விட்டன. புத்தகத்தை அழுத்திப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. "இது என் பிள்ளை அளவு வச்சதும் தப்பு, நான் பாக்காம தச்சதும் தப்பு" என்று சொல்லி, தையலைப் பிரித்து, பக்கத்தைச் சற்றே சுருக்கித் திரும்ப அச்செடுத்துக் கட்டித் தந்தார். தாளுக்கு உண்டான காசு மட்டும் வாங்கினார். ஆனால் அதற்காக நிறைய நாள் காத்திருக்க வேண்டியிருந்தது, அதற்குள் மயானப் பாதை வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. ஆகவே நீங்கள் கொடுக்கும்போதே உள்ஓரம் முக்கால் அங்குலமாவது வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் பாரம் மட்டும் மடித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள்.

ஸ்டீவன்ஸ் 1842இல் லங்காஸ்டருக்கு மாறினார். மாநில அரசியலில் அவர் போட்ட சண்டைகள் புத்தகத்தில் பல பக்கம் போகின்றன. எனக்கு அவற்றில் பெரிய ஆர்வம் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். 1838இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். அது கறுப்பர்களின் ஓட்டைப் பறித்தது. எழுதிய அவையில் இருந்தும் அவர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

கிறிஸ்டியானா வழக்கு அப்படித் தாண்டிப் போகக்கூடியது அல்ல. தப்பிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க எல்லாரும் உதவ வேண்டும் என்று 1850இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 1851 செப்டம்பரில் மேரிலாந்து எஜமானர் ஒருவர் தப்பிய தன் அடிமைகளைத் தேடி ஆட்களோடு பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா கிராமத்துக்கு வந்தார். ஒளிந்திருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். எஜமானர் கொல்லப்பட்டார். அரசு 38 பேர் மேல் தேசத் துரோக வழக்குப் போட்டது. உதவ மறுத்து நின்றதற்காக காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளைக்காரரை முதலில் நிறுத்தினார்கள். ஸ்டீவன்ஸ் ஹான்வே தரப்பு வக்கீல்களில் ஒருவர். ஆயுதம் கூட இல்லாமல் குதிரையில் உட்கார்ந்திருந்த ஒரு மாவு ஆலைக்காரர் எப்படி நாட்டின் மீது போர் தொடுத்தவர் ஆவார் என்பதுதான் கேள்வி. ஜூரிகள் கால் மணி நேரத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் மீதான துரோக வழக்கும் உதிர்ந்துபோனது. கூட்டத்தில் நின்றார் என்பதற்காகவே ஆட்கள் மீது பெரிய பிரிவுகளைப் போடுகிற எஃப்ஐஆர்களைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இந்த அத்தியாயம் பாடம்.

அடிமை முறையை விடாத தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாடாளுமன்றத்தின் வரவு செலவுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். போருக்கு வேண்டிய பணம் அவர் கை வழியாகத்தான் போனது. அடிமைகளை விடுவியுங்கள், கறுப்பர் கையில் துப்பாக்கி கொடுங்கள் என்று லிங்கனையே விடாமல் நெருக்கியவர். 1863 ஜூனில் தெற்குப் படை அவருடைய இரும்பு உலையைத் தேடி வந்து எரித்தது. அங்கே வேலை பார்த்த ஏழைக் குடும்பங்கள் என்ன செய்யும், அவர்களுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் கடிதத்தில் எழுதினார். 1865 ஜனவரி 31இல் அடிமை முறையை ஒழிக்கிற 13ஆவது திருத்தம் 119க்கு 56 என்று கீழவையில் நிறைவேறியது.

அடுத்த வருடம் 14ஆவது திருத்தம். அதன் முதல் பிரிவின் சொற்களைப் பெரும்பாலும் எழுதியவர் ஜான் பிங்கம் என்ற இன்னொரு கீழவை உறுப்பினர். கீழவையில் அதை முன்னெடுத்துச் சென்றவர் ஸ்டீவன்ஸ். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமையை நேராகக் கொடுக்காமல் சுற்றி வளைத்த அந்த வரைவு அவருக்குத் திருப்தி தரவில்லை. 1866 ஜூன் 13 அன்று அதைச் சபையிலேயே சொன்னார். குடியரசின் அடித்தளத்தையே புதிதாகப் போட்டு, சமத்துவமின்மையின் சுவடே இல்லாமல் கட்டிவிடலாம் என்று இளமையிலிருந்து கண்ட கனவு கலைந்துவிட்டது என்றார். இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறாய் என்று கேட்டால், நான் தேவதைகள் நடுவில் வாழவில்லை, மனிதர்கள் நடுவில் வாழ்கிறேன் என்பதுதான் என் பதில் என்றார். அப்போது அவருக்கு 74 வயது. அன்று குறையோடு நிறைவேறிய அந்தச் சொற்களைத்தான் இன்று ஒத்தக்கடையில் ஒரு மயானப் பாதைக்காக நான் நீதிபதி முன்னால் வாசிக்கிறேன். என் தொகுதியில் அதிகம் அழுக்கேறிய பக்கம் இதுதான்.

நிலம் பற்றிய அவருடைய திட்டத்தையும் தமிழ்நாட்டுக்காரர்கள் படிக்க வேண்டும். 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் பேசியபோது, கலகம் செய்த பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலையான ஒவ்வோர் ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுக்க வேண்டும் என்றார். 1867இல் மசோதாவாகவே கொண்டுவந்தார். அவருடைய கட்சிக்காரர்களே கை கொடுக்கவில்லை. ஓட்டு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நிலம் பண்ணையாரிடம் இருக்கும்வரை ஓட்டும் அவர் சொல்கிற இடத்தில்தான் விழும் என்று அவர் பயந்தது பின்னால் நடந்தது. 1892இல் இங்கே தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யார் கைக்குப் போயின என்று பட்டா வைத்துக்கொண்டு அலைகிறவர்களின் வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஊராட்சித் தலைவர் பதவியைச் சட்டம் தலித்துகளுக்கு ஒதுக்கிக் கொடுத்தும், 1996இலிருந்து பத்து வருடம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. 1997இல் எங்கள் மேலூர் வட்டத்து மேலவளவில், அப்படித் தலைவரான முருகேசனையும் உடன் இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். சட்டம் எழுதிய பிறகும் எவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்டீவன்ஸ் அளவுக்கு அன்றே புரிந்துகொண்ட அரசியல்வாதிகள் குறைவு.

வக்கீலும் அரசியல்வாதியுமாக ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு மதுரையில் நமக்கு அ. வைத்தியநாத ஐயர் இருக்கிறார். 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர். பிறகு ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்து அந்த நுழைவுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. ஸ்டீவன்ஸைப் படித்த பிறகு ஐயரைப் பற்றியும் புதிதாக யோசிக்கத் தோன்றுகிறது. முதலில் செயல், பின்னால் சட்டம் என்று அவர் போன வழி வேறு.

ஸ்டீவன்ஸின் கடைசி மாதங்களை வேகமாகப் படித்துவிட முடியாது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு அவர்தான் உந்துசக்தி. நடக்க முடியாமல் நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்துதான் சபையில் உட்கார வைத்தார்கள். 1868 மே 16இல் மேலவை 35க்கு 19 என்று ஓட்டுப் போட்டது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஓர் ஓட்டு குறைவு. ஆகஸ்ட் 11 இரவு இறந்தார். உடலை நாடாளுமன்றக் கட்டிடத்தின் வட்ட மண்டபத்தில் வைத்தபோது காவல் நின்றவர்கள் கறுப்பு வீரர்கள். இறந்த பிறகும் அவருடைய தொகுதிக் கட்சிக்காரர்கள் அவரையே வேட்பாளராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்.

இருபது வருடம் அவருடைய வீட்டை நிர்வகித்த லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பின விதவையைப் பற்றி 1899 நூல் போதுமான அளவு பேசவில்லை. ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. ஸ்டீவன்ஸ் அவரைத் திருமதி ஸ்மித் என்று மரியாதையோடுதான் அழைத்தார், உயிலில் 5,000 டாலர் எழுதி வைத்தார். ஸ்மித் பின்னால் அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். அதே உயிலில் ஸ்டீவன்ஸ் தன் அம்மாவின் கல்லறையில் ஒவ்வொரு வசந்தத்திலும் ரோஜாவும் மற்ற பூச்செடிகளும் நடப் பணம் ஒதுக்கியிருக்கிறார். இனம் பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்க்கிற அநாதை இல்லத்துக்கும் எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வரலாற்றாசிரியர்கள் பலர் இந்த மனிதரைப் பழிவாங்கும் வெறியர் என்றே எழுதினார்கள். நாக்கில் விஷம் உண்டு, சூதாட்டப் பழக்கமும் உண்டு. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வெறியர் என்று சொன்னவர்கள் அவருடைய பேச்சுகளை முழுதாகப் படித்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

முதுகில் தலைப்புப் பொறிக்கும்போது அண்ணன் கேட்டார்: "யாரும்மா இந்த ஆளு? இம்புட்டு பத்திரமா கட்டச் சொல்றீங்க." கல்லறை வாசகத்தைச் சொன்னேன். தையல் ஊசியைப் பலகையில் குத்திவிட்டு, "எங்க ஊர்ல இன்னும் ரெண்டு சுடுகாடுதான்மா" என்றார். பிறகு தங்கத் தாளை எடுத்து வைத்து, பித்தளை எழுத்துகளை அடுப்பில் காய்ச்சி, தலைப்பை அடித்தார். அவரிடம் "ஸ்" எழுத்து இரண்டுதான் இருந்தது. தாடியஸ் ஸ்டீவன்ஸுக்கு மூன்று வேண்டும். இரண்டை வைத்து அடித்துவிட்டு, மூன்றாவதைத் தனியாகக் காய்ச்சிக் கையாலேயே பொருத்தினார். கடைசி "ஸ்" மயிரிழை மேலே ஏறி நிற்கிறது. எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் கோடு பிசகாத முதுகெழுத்து வேண்டும் என்பவர்கள் ஆங்கில எழுத்து கேளுங்கள், அதில் அவரிடம் முழு செட் இருக்கிறது.

விலை: முதல் தொகுதிக்கு அச்சு, தையல், காலிகோ அட்டை, தங்க எழுத்து எல்லாம் சேர்த்து 640 ரூபாய். இரண்டாவதற்கு 410. ஸ்பைரல் என்றால் இதில் பாதிக்கும் குறைவாக முடிந்துவிடும். ரெக்சினும் போடுகிறார்கள், நம்ம ஊர் வெயிலில் அது ஒட்டிக்கொள்ளும், துணியே நல்லது. முன்பணம் பாதி கொடுக்க வேண்டும். ரசீது கேட்டால் எழுதித் தருகிறார், ஜிபே உண்டு. மாடிப்படி இல்லை, சந்தில் வண்டி நிறுத்த இடமும் இல்லை, வடக்கு மாசி வீதியிலேயே நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி ப்ராஜெக்ட் குவிந்துகிடக்கும், அப்போது கொடுத்தால் உங்கள் வேலை கடைசியில்தான் வரும். ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கிறது.